கப்பல் படங்களுக்கு மைக் பிடித்தவன்

பிறர் பேசுவதை மொழிபெயர்ப்பது ஒரு தொழில். அவர் என்ன பேசுகிறார் என்றே தெரியாமல் மொழிபெயர்ப்பது எங்கள் தொழில். சினிமாக் கொட்டகையில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இவன் யாரு, அவ ஏன் அழறா" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பாதிப் படத்தைக் கோட்டைவிட்ட அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். எனக்கு வாய்த்ததோ ஒரு கொட்டகை நிறைய மாமியார்கள். கையில் மைக் வேறு.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முன்னும் பின்னுமாகச் சில வருடங்கள், மலாக்கா டவுனில், காஜா பெராங்கில் இருந்த ஒரு தகரக் கொட்டகையில் நான் படம் சொல்பவனாக இருந்தேன். கொட்டகை ஒரு சீன முதலாளியுடையது; தவுக்கே என்போம். சாயங்காலங்களில் தமிழ்ப் படம், மலாய்ப் படம், சீனப் படம் என்று மாற்றி மாற்றி ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கொட்டகை சும்மா கிடக்கும். அது அவருக்கு வயிற்றெரிச்சல். சிங்கப்பூரில் யாருக்கும் வேண்டாத ஐரோப்பியப் படங்கள் மலிவாகக் கிடைக்கின்றன என்று யாரோ சொல்ல, வரவழைத்துவிட்டார். பெரிய கம்பெனிகள் எடுத்தவை அல்ல. நாலைந்து பேர் சேர்ந்து கைக்காசைப் போட்டு எடுத்தவை. பாட்டு கிடையாது, கத்திச் சண்டை கிடையாது. பசி, கப்பல், துறைமுகம், தேர்தல், போலீஸ், மறுபடியும் கப்பல். எல்லாப் படத்திலும் யாராவது ஒருவன் பிழைப்புத் தேடி வேறு நாட்டுக்குப் போவான், அல்லது போன நாட்டில் அவனைப் போகச் சொல்வார்கள்.

படத்தோடு ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் வரும். சனிக்கிழமை எனக்கு மட்டும் ஒருமுறை ஓட்டிக் காட்டுவார்கள். மறுநாள் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கில் நான் கதை சொல்லவேண்டும். செங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஆங்கிலம் படித்து, டவுனுக்குப் புதிதாக வந்திருந்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன். பாட்டும் இல்லாத இந்தப் படங்களுக்கு எவன் வருவான் என்று முதல் நாளே தவுக்கேயிடம் கேட்டேன். அவர் சந்தையில் புழங்கும் பசார் மலாயில் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன்: "இந்த ஊர்ல கப்பல்ல வராதவன் யாரு? எல்லாரும் வருவான்."

சங்கிலி அண்ணன்

தவுக்கே சொன்னதுதான் நடந்தது. வந்தவர்களில் ஒருவர் சங்கிலி அண்ணன். முனிசிபல் ரோட்டு வேலை. துறையூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். அவர் மனைவி அஞ்சலை, கொட்டகை வாசலில் கச்சான் கடலை விற்பாள். அவள் இங்கேயே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்.

வெள்ளைக்காரன் போகப்போகிறான், இருப்பவர்கள் பேரைப் பதிந்து குடியுரிமை வாங்கிக்கொள்ளலாம் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். சங்கிலி அண்ணனுக்கு இருப்பதா போவதா என்று முடிவுக்கு வர முடியவில்லை. ஊரில் பங்கு வீடு ஒன்று இருந்தது. "இங்க பேரு பதிஞ்சா அங்க நான் செத்தவன் கணக்கா" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்பார். அவர் நாகப்பட்டினம் கப்பலேறினால் அஞ்சலை ஏறமாட்டாள் என்பதும், பிள்ளைகள் அவளோடுதான் நிற்பார்கள் என்பதும் காஜா பெராங்கில் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே மனிதர் படத்தைப் படமாகப் பார்க்கவில்லை. ஜோசியம் கேட்பதுபோல் பார்த்தார். படம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, "அவன் செஞ்சது சரியா தம்பி?" என்று கேட்பார். ஒரு வாரம் கதாநாயகன் போன நாட்டில் கடை வைத்து நன்றாக இருப்பான். அண்ணன் முகம் தெளிந்துவிடும். அடுத்த வாரம் இன்னொருவன் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டு சாவான். அண்ணன் அந்த வாரம் முழுவதும் கப்பல் சீட்டைப் பற்றி விசாரிப்பார். தவுக்கே எந்தப் படத்தை வரவழைக்கிறாரோ அதன்படி ஒரு குடும்பம் ஆடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வந்தால் கதைச் சுருக்கத்தின் கடைசி வரியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

"நீயும்தான் ஒருதடவ அவரோட ஊருக்குப் போய்ப் பாத்துட்டு வாயேன்" என்று அஞ்சலையிடம் பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கச்சான் பொட்டலத்தை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அவரு ஊருங்கறாரே, அது எனக்கு வெளிநாட்டுப் படம் தம்பி."

ரீல் மாறிய ஞாயிறு

ஆபரேட்டர் ராமையா நல்ல மனிதர். சனிக்கிழமை இரவு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் மட்டும் ஞாயிறு காலை அவருக்கு ஒன்றும் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ரீலுக்கு முன்னால் நாலாவது ரீலைப் போட்டுவிட்டார். கதாநாயகன் கப்பலில் இப்போதுதான் ஏறினான்; அடுத்த நிமிடம் பெட்டியோடு வீட்டு வாசலில் நிற்கிறான், அம்மா கட்டிக்கொண்டு அழுகிறாள்.

மைக்கில் சும்மா இருக்க முடியுமா? "வீட்டு ஞாபகம் வந்து திரும்பிவிட்டான்" என்றேன். ராமையா தவறைக் கண்டுபிடித்து இரண்டாவது ரீலைப் போட்டார். அவன் மறுபடியும் கப்பலில் நிற்கிறான். "கையில் காசில்லாமல் மறுபடியும் கிளம்பிவிட்டான்" என்றேன். படத்தின் முடிவே அந்த நாலாவது ரீலில்தான், அதைப் போடாமல் முடியாதே. மறுபடியும் அதே வாசல், அதே அம்மா, அதே அழுகை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப்போட்டு முடித்துவிட்டு, காசைத் திருப்பிக் கேட்டு வருவார்கள் என்று மைக்குக்குப் பின்னால் பதுங்கினேன்.

யாரும் காசு கேட்டு வரவில்லை. பலருக்குக் கண் கலங்கியிருந்தது. பசாரில் மீன் விற்கும் ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "எங்க மாமன் இப்படித்தான் போய்ட்டுப் போய்ட்டு வந்தாரு. படம் எடுத்த வெள்ளக்காரனுக்கு நம்ம ஆளுங்கள நல்லாத் தெரியுது."

தெய்வானை அம்மாளின் புகார்

கோயிலில் பூசை முடிந்து, நெற்றி நிறைய விபூதியோடு, கெபாயாச் சட்டையும் சாரோங்குமாகச் சில பெண்கள் ஞாயிறுதோறும் வந்து இரண்டாவது வரிசையில் உட்காருவார்கள். பெயரெல்லாம் தெய்வானை, மீனாட்சி, நாகம்மா. நான் செந்தமிழில் உருகி உருகிக் கதை சொல்வேன். அவர்கள் அசையாமல் கேட்பார்கள். மற்றவர்கள் அழும்போது அழமாட்டார்கள், சிரிக்கும்போது சிரிக்கமாட்டார்கள். ரொம்ப அழுத்தமான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவர்களில் மூத்தவரான தெய்வானை அம்மாள் என்னிடம் வந்து மலாயில் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: நீங்கள் சொல்வது எங்களுக்குக் கோயில் மந்திரம் மாதிரி இருக்கிறது, கேட்கப் புண்ணியம்தான், ஆனால் கதை புரியவில்லை, மலாயிலும் கொஞ்சம் சொல்லக்கூடாதா என்று. அவர்கள் கம்போங் செட்டிக்காரர்கள், சுல்தான் காலத்தில் வந்து தங்கிய வியாபாரிகளின் வழி, வீட்டில் பேசுவது மலாய் என்பது டவுன்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தோட்டத்திலிருந்து வந்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. இத்தனை வாரம் ஊமைப் படம் பார்த்துவிட்டு, கோபமில்லாமல் கேட்டார் பாருங்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை சொல்ல ஆரம்பித்தேன்.

முதன்முதலில் அப்படிச் சொன்ன படத்தில், துறைமுகத்தில் ஓர் அதிகாரி வந்திறங்கியவர்களை வரிசையில் நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய், யார் வரச்சொன்னது, எத்தனை நாள் இருப்பாய் என்று குடைந்துகொண்டே இருப்பான். சங்கிலி அண்ணன் முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் தெய்வானை அம்மாள் அவரைத் தாண்டிப் போகிறபோது நின்று, நாங்கள் முன்னாலேயே வந்துவிட்டோம், அப்போது ஆபீசரே கிடையாது என்று ஆறுதலாகச் சிரித்தார். அந்த அம்மாள் சொன்னபடியே சொல்கிறேன்: "கித்தா ஓராங் டத்தாங் டூலு, ஆபிசர் பெலும் அடா."

தொழிற்சாலைக்கு வந்த காய்ச்சல்

காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்து, அவசரகாலச் சட்டம் இருந்த நாட்கள். ஒரு சனிக்கிழமை, நான் தனியாகப் படம் பார்த்துக்கொண்டிருக்கையில் உளவுப் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேறு நாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள் ஆலை வாசலில் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்கிற படம் அது. தன்மையான மனிதர். படத்தை நிறுத்தச் சொல்லவில்லை; வேலைநிறுத்தம், சங்கம் என்ற இரண்டு வார்த்தைகளையும் மைக்கில் சொல்லக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நாளைக்கும் வருவேன் என்றார்.

அந்த இரண்டு வார்த்தைகளை எடுத்துவிட்டால் படத்தில் மிச்சமே இல்லை. திரையில் ஆயிரம் பேர் ஆலையை விட்டு வெளியே வருகிறார்கள். முன்வரிசையில் அதிகாரி என்னையே பார்க்கிறார். "ஆலையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது" என்றேன். காய்ச்சல்காரர்கள் கொடி பிடித்தார்கள், கை தூக்கிக் கத்தினார்கள். "குளிரில் உளறுகிறார்கள்" என்றேன். மலாயிலும் அதையே சொன்னேன். அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா இருமினாரா என்று இன்றுவரை தெரியாது.

வாசலில், தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்திருந்த ஒருவர் அதிகாரி காதிலும் விழும்படியாக என்னிடம் சொன்னார்: "அந்தக் காய்ச்ச எங்க தோட்டத்துக்கும் வந்துச்சு தம்பி. சம்பளம் ஏறுனதும்தான் சொகமாச்சு."

வேட்பாளரின் பேச்சு

எங்கள் தொழிலில் பெரிய தொல்லை எது தெரியுமா? திரையில் அவர்கள் கால் மணி நேரம் பேசுவார்கள்; கதைச் சுருக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியைக் கால் மணி நேரத்துக்கு இழுக்கவேண்டியது நம் பாடு. தேர்தல் படம் ஒன்றில் தொப்பி வைத்த வேட்பாளர் மேடையேறிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். 'வாக்குறுதிகள் தருகிறார்' என்பதற்கு மேல் காகிதத்தில் ஒன்றும் இல்லை.

என்ன வாக்குறுதி என்று எனக்கென்ன தெரியும்? வாயில் வந்ததைக் கொடுத்தேன். காஜா பெராங்கில் மழை பெய்தால் தண்ணீர் தேங்காதபடி சாக்கடை வெட்டுவேன், வீட்டுக்கு வீடு பைப்பு போடுவேன், பிள்ளைகளுக்கு இன்னொரு பள்ளிக்கூடம் கட்டுவேன் என்றெல்லாம் அந்த வெள்ளைக்காரர் இரண்டு மொழியில் முழங்கினார். கொட்டகையில் கைதட்டல் அடங்கவில்லை. கடைசியில் அவர் தோற்றுப்போனதும் நிஜமாகவே முணுமுணுத்தார்கள். சங்கிலி அண்ணன்கூட அன்று தன் கேள்வியை மறந்துவிட்டு, சாக்கடையைப் பற்றித்தான் பேசினார். ரோட்டு வேலைக்காரர் இல்லையா. இந்த ஊர்ச் சாக்கடை மேல் அவருக்கு இவ்வளவு அக்கறை இருக்கும்போது எங்கே போய்விடப்போகிறார் என்று எனக்கு அன்று முதல்முறையாக ஒரு நம்பிக்கை வந்தது.

மறுநாள் ஒரு கட்சிக்காரர் என் அறைக்கே வந்துவிட்டார். தங்கள் கூட்டத்தில் பேச வரவேண்டுமாம். நான் கட்சி எதிலும் இல்லை, அது படத்தில் வந்த பேச்சு என்றேன். அவர் விடவில்லை: "அதனால என்னங்க, எங்க ஆளும் எழுதிக் குடுத்ததத்தான் பேசுறாரு."

துறைமுகத்தில் ஒரு மனைவி

மெர்டேக்கா வந்து போயிருந்தது. குடியுரிமைக்குப் பதிகிறவர்கள் பதிந்துகொண்டிருந்தார்கள். சங்கிலி அண்ணன் பினாங்குக்குப் போய்க் கப்பல் விசாரித்துவிட்டு வந்திருந்தார். அந்தச் சமயம் பார்த்துத் தவுக்கே ஒரு படத்தை வரவழைத்தார்.

சனிக்கிழமை பார்த்தபோது இது சங்கிலி அண்ணன் கதை என்றே பட்டது. ஒருவன் வேறு நாட்டுக்கு வந்து, மூட்டை தூக்கி, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டி, பிள்ளைகள் பெற்று, கடைசியில் சொந்த ஊருக்கே திரும்புகிறான். துறைமுகத்தில் அவளைக் கூட வரச்சொல்கிறான். அவள் வெகுநேரம் பேசுகிறாள். பிறகு அவன் மட்டும் கப்பலேறிவிடுகிறான். அவள் பேசியதற்குச் சுருக்கத்தில் இருந்தது ஒரே வரி: 'அவள் மறுத்துவிடுகிறாள்.' வேறு படம் போடலாமா என்று தவுக்கேயிடம் கேட்டேன். கைவசம் வேறு படம் இல்லை. முடிவை மாற்றிச் சொல்லலாமா என்று ராமையாவிடம் யோசனை கேட்டேன். கப்பல் போவது திரையில் எல்லாருக்கும் தெரியுமே, அதை எப்படி நிறுத்துவாய் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சலை என்னை வாசலிலேயே மடக்கி, இன்றைக்குப் படம் எப்படி முடிகிறது என்று கேட்டாள். மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. மாற்றிச் சொல்லுங்கள் என்றும் கேட்கவில்லை. கச்சான் தட்டைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வதுபோலச் சில வார்த்தைகள் சொன்னாள். சொல்லிவிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டாள்.

படம் ஓடியது. துறைமுகக் கட்டம் வந்தது. திரையில் அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். காலையிலிருந்து காதில் நின்றுகொண்டிருந்தது அஞ்சலையின் பேச்சுத்தான். வேறெதுவும் வாயில் வரவில்லை. செந்தமிழையெல்லாம் விட்டுவிட்டு, அவள் சொன்னது சொன்னபடியே மைக்கில் சொன்னேன்: "நீ பொறந்த ஊருன்னு நீ அழற. நானும் ஒரு ஊர்லதான பொறந்தேன். உனக்கு அது ஊரு, எனக்கு இது ஊருன்னு சொல்லல. நீ இருக்கிறதாலதான் இது எனக்கு ஊராவே இருக்கு. நீ போய்ட்டா நான் ரெண்டு ஊரும் இல்லாதவ." பிறகு அதையே மலாயிலும் சொன்னேன். திரையில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்ல வேறு இல்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். கப்பல் போயிற்று. யாருக்கும் அது எங்கே போகிறது என்று நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கொட்டகை காலியான பிறகும் சங்கிலி அண்ணன் எழுந்திருக்கவில்லை. நான் மைக்கைச் சுற்றிவைக்கும்போது வந்து நின்றார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அந்தப் பொம்பளை பேசியது படத்தில் இருந்ததா என்று கேட்டார். அவள் மறுத்தாள் என்பது மட்டும்தான் காகிதத்தில் இருந்தது, மீதி படத்தில் உள்ளதல்ல என்றேன். யாருடைய பேச்சு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெள்ளைத் திரையைக் காட்டிச் சொன்னார்: "தப்பில்ல தம்பி. எவ்வளவு நேரம் பேசினா பாத்தீங்கல்ல. இதத்தான் பேசியிருப்பா."

அதற்குப் பிறகு

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. வாசலில் அஞ்சலையும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. தெய்வானை அம்மாள் வந்து, கச்சான்காரி எங்கே என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன், பாவம். வாயைக் கொடுத்து ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டோமோ என்ற நினைப்புத்தான் எனக்கு. அன்று படம் சொன்னதில் பாதி உளறல். நல்லவேளை, வந்தவர்கள் படமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு இருவரும் வந்தார்கள். அஞ்சலை தட்டைக் கொண்டுவரவில்லை; நல்ல புடவை கட்டி, பூ வைத்து, பார்வையாளராக வந்திருந்தாள். இத்தனை வருடம் வாசலில் நின்றவள் அன்றுதான் முதல்முறை சீட்டு வாங்கி உள்ளே வந்தாள். பிள்ளைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அம்மை போட்டுப் படுத்திருந்தார்களாம், அதனால்தான் காணோம். குழந்தைகள் தேறி எழுந்ததும் சங்கிலி அண்ணன் நேராகப் பதிவு ஆபீசுக்குப் போய்க் குடியுரிமைக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்துவிட்டார். ஊரில் இருந்த பங்கு வீட்டைத் தங்கை பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதையெல்லாம் அஞ்சலைதான் சொன்னாள். அவர் சும்மா சிரித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூடவே பயமும் வந்தது. அன்றைய படத்திலும் ஒருவன், இருந்த நாட்டை வெறுத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். இவர் மறுபடியும் ஆடிப்போய்விட்டால் என்ன செய்வது? அண்ணே, இன்றைக்குப் படம் உங்களுக்கு வேண்டாம், அடுத்த வாரம் வாங்களேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் அஞ்சலைக்கு நடு வரிசையில் இடம் பார்த்து உட்காரவைத்துவிட்டு, திரும்பி வந்து சொன்னார்: "பரவால்ல தம்பி, போடச் சொல்லுங்க. இனிமே அதெல்லாம் எனக்கு வெறும் சினிமாதான்."

இடைவேளைக்கு முன்பே அவர் தூங்கிப்போனார். ஒரு மனிதர் நிம்மதியாக விட்ட குறட்டைக்கு மேல் குரலை உயர்த்தி அன்று இரண்டு மொழியில் படம் சொன்னேனே, அதைவிடப் பெரிய கைதட்டல் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கவில்லை.